சிட்லிங்கியில் செவிலியம்

தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே அமைந்தது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993ஆம் ஆண்டு ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் மருத்துவ இணையர் அங்குக் குடியேறி, ஒரு குடிசையில் தம் பணியைத் தொடங்கினர். அந்நாளில் அங்குப் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்னே இறந்தன.

மலையூர்கள் அனைத்தையும் இருவரால் காக்க இயலாது. எனவே அவர்கள் அங்குள்ள பழங்குடிப் பெண்களுக்குச் செவிலியப் பயிற்சி அளித்தனர். அப்பெண்கள் பொதுவான நோய்களைக் கண்டறிந்து மருந்தளித்தனர், மகப்பேறு பார்த்தனர், அறுவை அரங்கிலும் துணைநின்றனர்.

இவ்வாறு தம் அறிவின் எல்லைக்குள் தாமே முடிவெடுத்து, அதன் விளைவுக்கும் பொறுப்பேற்பதைப் பணிசார் தன்னுரிமை என்பர். செவிலியம் பயிலத் தொடங்குவோர் இதனை எவரையும் கேளாமல் செயல்படும் துணிவு எனக் கருதக்கூடும். நோயாளியின் அருகில் நிற்கும்போதுதான் இதன் பொருள் விளங்கும். குழந்தையின் எடைக்குப் பொருந்தாத அளவில் மருந்து எழுதப்பட்டிருப்பின், ஊசியை நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேட்பதே தன்னுரிமை. பெரியோரை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்க்கு அந்த ஒரு கேள்வி எளிதன்று.

மருத்துவர் அருகில் இல்லாத இடத்தில் இப்பொறுப்பு இன்னும் கூடுகிறது. இன்றைய சிம்பாப்வேயில், தொலைவூர்களில் பணியாற்றிய பேறுகாலச் செவிலியர்க்கென ஃபில்பாட், காசில் என்போர் 1972இல் ஒரு மகப்பேற்று வரைபடத்தை வெளியிட்டனர். கருப்பைவாய் விரியும் அளவை நேரத்தோடு பொருத்தி அதில் குறிப்பர். அதில் எச்சரிக்கைக் கோடு ஒன்றும், நான்கு மணி நேரம் தள்ளிச் செயற்கோடு ஒன்றும் உண்டு. அவர்கள் வகுத்த முறைப்படி, குறி எச்சரிக்கைக் கோட்டைக் கடந்தால் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வண்டியை அழைக்கும் முடிவு செவிலியருடையதாக இருந்தது.

இத்திறன் நூலைப் படிப்பதால் மட்டும் வருவதன்று. மாணவி வரைபடத்தைக் குறித்து முடித்ததும், மூத்த செவிலியர் விடையைக் கூறிவிடாமல், “நீ என்ன செய்வாய்? ஏன்?” என்று வினவ வேண்டும். விடை தவறாயின் காரணத்தை விளக்க வேண்டும். வசைமொழிக்கு அஞ்சும் மாணவி தன் ஐயத்தை மறைத்துவிடுவாள். மறைத்த ஐயம் நோயாளியின் உயிருக்கே கேடாகலாம்.

சிட்லிங்கியின் குடிசை பின்னாளில் 35 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக வளர்ந்தது. பள்ளத்தாக்கில் குழந்தை இறப்பும் பன்மடங்கு குறைந்தது.