நாலைந்து நாள் காத்திருக்கும் கடிதம்

சேலையூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மெயில், காலண்டர், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள முடியுமா? கரன்ட் போனால் கடிதங்கள் தொலைந்துவிடாதா?” முடியும். தொலையாது. இரண்டாவது கேள்வி எனக்கு மிகப் பிடித்த இடத்தைத் தொடுகிறது.

உங்கள் சர்வர் அணைந்திருக்கும்போது ஒருவர் கடிதம் போடுகிறார். அனுப்பும் சர்வர் கூப்பிட்டுப் பார்க்கிறது, பதில் இல்லை. உடனே அது கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாது. வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். வீடு பூட்டியிருந்தால் பதிவுத் தபாலோடு மறுநாளும் வந்து மணியடிப்பாரே எங்கள் தெருத் தபால்காரர், அப்படி. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் விதிகள் 2008இல் திருத்தி வெளியிடப்பட்டபோதும் இந்தப் பொறுமைக்குக் கணக்கு இருந்தது: இரண்டு முயற்சிகளுக்கு நடுவே அரை மணி நேரமாவது இடைவெளி, கைவிடுவதற்குமுன் நாலைந்து நாளாவது காத்திருப்பு. கணினிகள் அடிக்கடி தொடர்பறுந்து கிடக்கும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்ததே, அப்போது அங்கே ஒரு மெயில் சர்வர் இரண்டு நாள் இருளில் கிடந்திருந்தாலும், கரன்ட் வந்ததும் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கும்.

அனுப்புவதுதான் பாடு. வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. நிலையான ஐபி வாங்கினாலும் வீட்டு இணைப்பிலிருந்து புறப்படும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் எளிதில் ஸ்பேமில் தள்ளிவிடும். ஆகவே மெயிலுக்கு மட்டும் வாடகை சர்வர் எடுப்பதே நல்லது.

காலண்டருக்கும் தொடர்புகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவை உங்கள் போனோடும் கணினியோடும் மட்டும் பேசினால் போதும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, அதில் ராடிகேல் என்ற சிறு மென்பொருள், அதோடு இணைக்க ஆண்ட்ராய்டு போனில் டாவ்எக்ஸ்5 செயலி. ராடிகேல் ஒவ்வொருவரின் விவரத்தையும் தனித்தனிக் கோப்பாக வைக்கிறது. திறந்து பார்த்தால் அம்மாவின் பெயர் ஒரு வரியில், எண் இன்னொரு வரியில், பிறந்தநாள் வேறொரு வரியில். தனி மென்பொருள் எதுவும் இல்லாமலே படிக்கலாம். பென்டிரைவில் வாராவாரம் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? வங்கி, பிஎஃப், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லா இடத்திலும் நாம் கொடுத்திருக்கும் மெயில் முகவரி நம்முடையதல்ல என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காலமான பெரியவர்களின் கணக்குகளில் எத்தனை கடிதங்களும் படங்களும் இருக்கின்றன!

சர்வர் நடத்த நேரமில்லையா? சொந்த டொமைன் பெயராவது வாங்குங்கள். பிறகு மெயில் நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. நம் கூடுவாஞ்சேரிப் பக்கத்து சோஹோவும் சொந்த டொமைனுக்கு மெயில் வசதி தருகிறது. நீங்களே நிறுவிப் பார்க்க ஆசையிருந்தால், காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் இணையவழியில் கூடுகிறது. தயங்காமல் தமிழிலேயே கேளுங்கள்.