பிரைனி பிரீசஸ்

பிரைனி பிரீசஸ் என்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பாம் பீச் கவுண்டியில் உள்ள ஒரு சிறிய நகரம். அட்லாண்டிக் கடற்கரையில் சுமார் 43 ஏக்கரில் அமைந்த இந்நகரம் ஏறக்குறைய முழுவதும் நடமாடும் வீடுகளால் ஆனது. மொத்தம் 488 வீடுகள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 502. குளிர்காலத்தில் மட்டும் வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கும் முதியோரும் இங்கு உண்டு.

நடமாடும் வீடு என்பது தொழிற்சாலையில் செய்து, சக்கரம் பூட்டிய இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றி, லாரியால் இழுத்து வரப்படுவது. ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புகள் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் அதன்பின் அசைவதில்லை. நடமாட்டம் பெயரில் மட்டுமே.

நிலம் யாருடையது?

அமெரிக்காவின் பெரும்பாலான இத்தகைய குடியிருப்புகளில் வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். அதன் அடியிலுள்ள மனை வேறொருவருக்குச் சொந்தம். மனைக்கு மாத வாடகை செலுத்த வேண்டும். உரிமையாளர் நிலத்தை விற்றுவிட்டால் வீட்டைப் பெயர்த்துச் செல்லப் பெருஞ்செலவாகும். பழைய வீடுகள் பயணத்தைத் தாங்குவதுமில்லை. சொந்த வீடு இருந்தும் தெருவில் நிற்க வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது.

பிரைனி பிரீசஸ் மக்கள் இந்த நிலையிலிருந்து தப்பினர். இங்கு பண்ணை நடத்திவந்த நில உரிமையாளரிடமிருந்து 1958-இல் குடியிருப்போரே சேர்ந்து 15 லட்சம் டாலருக்கு நிலத்தை வாங்கினர். நிலம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. குடியிருப்போர் அதன் பங்குதாரர்கள். 1963-இல் இது தனி நகரமாகவும் பதிவு செய்யப்பட்டது.

51 கோடி டாலர்

வடக்கே ஓஷன் ரிட்ஜ், தெற்கே கல்ஃப் ஸ்ட்ரீம் ஆகிய வசதி படைத்த சிற்றூர்கள் உள்ளன. மேற்கே உள்நாட்டு நீர்வழியும், அதற்கு அப்பால் பாய்ன்டன் பீச் நகரமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் கடலோர நிலத்தின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அடுக்குமாடிகள் கட்ட விரும்பிய ஒரு நிறுவனம் முழு நகரத்தையும் 51 கோடி டாலருக்குக் கேட்டது. சராசரியாக வீட்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல்! 2007 தொடக்கத்தில் பங்குதாரர்களில் பெரும்பான்மையோர் விற்கச் சம்மதித்தனர். உயர்ந்த கட்டடங்களும் போக்குவரத்து நெரிசலும் வரும் என்று அண்டை ஊர்கள் எதிர்த்தன. அவ்வாண்டிலேயே பேரம் முறிந்தது.

நீரும் காற்றும்

1992-இல் ஆண்ட்ரூ புயல் தென் புளோரிடாவில் ஏராளமான நடமாடும் வீடுகளை நொறுக்கியது. அதன் பிறகு, 1994-இல், இவ்வீடுகள் காற்றைத் தாங்குவதற்கான கட்டுமான விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. பழைய வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நகரின் மேற்குப் பகுதி தாழ்வானது. இலையுதிர் காலத்துப் பெரும் ஓதத்தின்போது நீர்வழியின் உப்புநீர் தெருவுக்குள் ஏறுகிறது. மற்றக் குடியிருப்புகளில் இதை நில உரிமையாளரிடம் முறையிடலாம். இங்கு நில உரிமையாளர்கள் குடியிருப்போரே என்பதால், கரைச்சுவரை உயர்த்தும் கவலையும் அவர்களுடையதே.