கிராக் வேண்டாம், பென்டிரைவ் போதும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றவோ டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கடுத்த பிராசஸரும் வேண்டும். பழைய லேப்டாப்பைக் குமணன்சாவடியிலோ பூந்தமல்லியிலோ கடைக்குக் கொண்டுபோனால், “புதுசா வாங்கிடுங்க” என்பார்கள். இல்லாவிட்டால் “கிராக் போட்டுத் தரேன்” என்பார்கள். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு பாயும். கிராக்கோடு வைரஸும் சேர்ந்து வரலாம்.

இந்த இரண்டுக்கும் மாற்று, இலவச இயங்குதளமான லினக்ஸ். அது நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலேயே, விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

மாற்றுவதற்கு முன் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் கொடுக்காதவரை ஹார்ட் டிஸ்கில் உள்ளது அப்படியே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முதலில் வைஃபை; பிராட்காம் சிப் என்றால் டிரைவர் தனியாகப் போட வேண்டியிருக்கலாம். அடுத்து ஸ்பீக்கர், கேமரா. மூடியைச் சாத்தித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா? கைரேகை சென்சார் பல மாடல்களில் வேலை செய்யாது. அது போனால் போகட்டும். பிரிண்டரை விட்டுவிடாதீர்கள். ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் கேனன் எல்பிபி 2900, லினக்ஸில் செருகியதும் ஓடிவிடாது. அதற்கான கேப்ட் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். விண்டோஸில் ஓடும் டேலி கணக்கு மென்பொருளை நம்பிப் பிழைப்பவர்கள் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

எதற்கும் முதலில் ஃபைல்களை வெளியே எடுத்து வையுங்கள். டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சிக்கினால் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வாரண்டி உள்ள லேப்டாப்பில் கீபோர்டு பழுதாகி, “லினக்ஸ் போட்டுட்டீங்க, வாரண்டி கிடையாது” என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது; கெடு இரண்டு ஆண்டு. டேட்டாவை அழித்துவிட்ட சர்வீஸ் கடைக்கும் இதே வழிதான். ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். பில்லோ ஜாப் ஷீட்டோ வாங்காமல் லேப்டாப்பை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.