மண்புழு அல்ல, பாம்பு!

பாம்பு எப்படிச் சாப்பிடும் என்று கேட்டால், நம்மில் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். வாயை அகலத் திறந்து, தன் தலையைவிடப் பெரிய இரையை மெல்ல மெல்ல முழுதாக விழுங்கும். பிறகு பல நாள்களுக்குப் பசி எடுக்காது. மலைப்பாம்பு பற்றிய ஆவணப்படங்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம் இது. இதற்குச் சற்றும் பொருந்தாத ஒரு பாம்பு இருக்கிறது தெரியுமா?

அமெரிக்காவின் டெக்சஸ், ஒக்லஹோமா மாநிலப் புல்வெளிகளில் மண்ணுக்கும் கற்களுக்கும் அடியில் வாழ்கிறது டெக்சஸ் நூல் பாம்பு. அறிவியல் பெயர் ரெனா டல்சிஸ். பேர்ட், ஜிரார்ட் என்ற இரு அறிஞர்கள் 1853இல் இதை விவரித்துப் பெயரிட்டனர். நாம் பள்ளியில் பயன்படுத்தும் அடிக்கோலின் நீளம்கூட இதற்கு இல்லை. பென்சிலைவிட மெலிந்த உடல். கண்கள் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகளாக மட்டும் தெரியும். நஞ்சு கிடையாது. பார்ப்பவர்கள் மண்புழு என்று கடந்துபோய் விடுவார்கள்.

எதிரியின் வீட்டில் விருந்து

எறும்பு, கறையான் ஆகியவற்றின் புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான் இதன் முக்கிய உணவு. எறும்புகள் விட்டுச் செல்லும் வாசனைத் தடத்தைப் பின்பற்றியே புற்றைக் கண்டுபிடிக்கும். உள்ளே இருக்கும் எறும்புகள் சும்மா விடுமா? கூட்டமாகப் பாய்ந்து கடிக்கும். அப்போது பாம்பு உடலைச் சுருட்டிப் புரண்டு, கழிவுத் துளையிலிருந்து வரும் பிசுபிசுப்பான திரவத்தை உடல் முழுவதும் பூசிக்கொள்ளும். அந்தத் திரவம் எறும்புகளை விலக்கி வைக்கும்.

ஆனாலும், எதிரியின் வீட்டில் நெடுநேரம் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அவசரமாகத் தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். எப்படி?

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் நேதன் கிளே, எலிசபெத் பிரெய்னர்ட் இருவரும் இதைக் கண்டறிந்து 1999இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். இந்தப் பாம்புக்கு மேல்தாடையில் பற்கள் இல்லை. கீழ்த்தாடையில் மட்டுமே உண்டு. அந்தத் தாடையின் இரு பாதிகளும் இரட்டைக் கதவுபோல் ஒன்றாக உள்நோக்கி மடிந்து திறக்கின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் இரை உள்ளே வாரி இழுக்கப்படுகிறது. இது ஒரு வினாடிக்கு மூன்று முறைக்கும் மேல் நடக்கிறது! அதுவரை வேறெந்தப் பாம்பிடமும் பதிவாகாத முறை இது.

ஆந்தைக் கூட்டின் துப்புரவாளர்

இன்னொரு வியப்பு மரப்பொந்தில் காத்திருந்தது. ஸ்கிரீச் ஆந்தை என்ற சிறிய ஆந்தை தன் குஞ்சுகளுக்கு இந்தப் பாம்பை உயிரோடு தூக்கி வருகிறது. தின்னப்படாமல் தப்பும் பாம்புகள் கூட்டின் குப்பைக்குள் புகுந்து, அங்குள்ள பூச்சிப் புழுக்களைத் தின்று வாழ்கின்றன. இப்படிப் பாம்பு குடியிருந்த கூடுகளில் குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன, இறப்பும் குறைவாக இருந்தது என்று ஃபிரெட்ரிக் கெல்பாக், ராபர்ட் பால்ட்ரிட்ஜ் இருவரும் 1987இல் எழுதினர். புழுக்கள் குறைந்ததே காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம்.

1853 எங்கே, 1999 எங்கே? பெயர் சூட்டி 146 ஆண்டுகள் கழித்துத்தான் இது சாப்பிடும் விதமே தெரிந்தது. பெயர் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆய்வுத் தலைப்பு என்றாலே புலி, யானை, திமிங்கிலம் என்று தேடும் என்னைப் போன்ற பல்கலைக்கழக மாணவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். விடை தெரியாத கேள்விகள் காலடி மண்ணிலும் கிடக்கின்றன.

அதற்கு டெக்சஸ் வரை போக வேண்டியதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டங்களில் பிராமினி குருட்டுப் பாம்பு வாழ்கிறது. இது வேறு குடும்பம் என்றாலும், இதுவும் எறும்பு, கறையான் புழுக்களைத் தின்னும், நஞ்சில்லாத சிறு பாம்புதான். இந்த இனத்தில் எல்லாமே பெண் பாம்புகள். ஆணின்றியே இனம் பெருகுகிறது. செடித்தொட்டி மண்ணோடு பயணித்து உலகின் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது.

அடுத்த முறை பூந்தொட்டியைக் கிளறும்போது, உடலில் வளையங்கள் இல்லாமல், பளபளவென்று, குட்டி நாக்கை நீட்டும் 'மண்புழு' ஒன்று தென்பட்டால் செருப்பைத் தேடாதீர்கள். சற்று உற்றுப் பார்த்துவிட்டு, அதை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.