பொது வரலாறும் மரபுரிமையும்: நம் பிள்ளைகள் படிக்க வேண்டிய ஒரு படிப்பு



இன்று யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்த ஐயாவின் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கூட்டத் துண்டறிக்கைகள், சேரியில் நடத்திய இரவுப் பள்ளியின் வருகைப் பதிவேடு, டீக்கடை இரட்டைக் குவளை பற்றி ஆட்சியருக்கு எழுதிய மனுக்களின் நகல், அவற்றுக்கு வந்த அஞ்சல் ஒப்புகை அட்டைகள் என எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தார். அவர் மறைந்த ஆண்டு மழையில் கூரை ஒழுகியது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பாதியைக் கரையான் தின்றிருந்தது. கொஞ்சம் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. வீட்டாரைக் குறை சொல்ல மாட்டோம். "எடுத்துட்டுப் போங்கப்பா" என்று ஐயா எங்களிடம் இரண்டு முறை சொன்னார். எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டது நாங்கள்தான்.

இந்த ஆண்டு மன்றத்துக்கு வரும் மாணவி ஒருத்தி, வரலாற்றில் இளங்கலை முடித்தவள், எங்களிடம் கேட்டாள்: "பொது வரலாறு, மரபுரிமைன்னு ஒரு முதுகலைப் படிப்பு இருக்காமே, அது நமக்கு ஆகுமா?" இந்த உரை அவளுக்கான பதில்.

கேட்பதற்கு முன்பே அவள் ஓர் அடி வாங்கியிருந்தாள். ஒரு கல்லூரியில் முதுகலைச் சேர்க்கைக்கான நேர்காணல். எதை ஆய்வு செய்ய விருப்பம் என்று கேட்டார்கள். எங்கள் சேரிச் சுடுகாட்டையும் அதற்குப் போகும் பாதையையும் என்றாள். எதிரே இருந்த பேராசிரியர், "அது சமூகப் பிரச்சினை. மரபுச் சின்னம் ஆகாது. சமூகப்பணித் துறைக்குப் போம்மா" என்றாராம். திட்டிச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இதை விளக்கிப் பேச வேண்டியிருக்கிறது.

பொது வரலாறு என்பது பல்கலைக்கழக வகுப்புக்கு வெளியே வரலாறு எப்படி உருவாகிறது, யார் உருவாக்குகிறார்கள், யாருக்காக என்பதைப் படிப்பது. படித்ததைக் கொண்டு அங்கே வேலையும் செய்வது. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், நினைவுச் சின்னம், தெருப்பெயர், சிலை, பாடநூல், ஊர்த் திருவிழா எல்லாம் இதன் களம். இந்தப் பெயரில் படிப்பைத் தொடங்கியவர் ராபர்ட் கெல்லி. அமெரிக்காவில் சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், 1976இல். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு ஆசிரியர் வேலை கிடைக்காத காலம் அது. அரசு அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் வரலாற்றாளருக்கு இடம் உண்டாக்குவது அவருடைய நோக்கம். அதில் தவறில்லை, வயிற்றுப்பாடும் ஒரு நியாயம்தான்.

நமக்கு நெருக்கமான ஊற்று வேறு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1899இல் உழைக்கும் மக்களுக்காகத் தொடங்கப்பட்டது ரஸ்கின் கல்லூரி. அங்கே ஆசிரியராக இருந்த ரஃபேல் சாமுவேல், தம்மிடம் படிக்க வந்த தொழிலாளர்களிடம் அவரவர் தொழிலின் வரலாற்றை அவரவரே எழுதச் சொன்னார். சுரங்கத்தில் வேலை செய்தவர் சுரங்கத்தைப் பற்றி, ரயில்வேயில் இருந்தவர் ரயில்வேயைப் பற்றி. 1960களின் பிற்பகுதியில் அது 'வரலாற்றுப் பட்டறை' என்ற இயக்கமாயிற்று. அதே கல்லூரியில் 1990களில் பொது வரலாற்றுக்கு முதுகலைப் படிப்பும் வந்தது. தகவல் சொல்லும் ஆளாக இருந்தவர் எழுதும் ஆளாக மாறினார் என்பதுதான் இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல். ஆய்வாளர்கள் சேரிக்கு வந்து கேட்டுப் பதிவு செய்துகொண்டு போன கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. அந்த நூல்களில் நம் பெயர் பெரும்பாலும் நன்றியுரைப் பக்கத்தில் இருக்கும்.

'ஹெரிட்டேஜ்' என்பதற்கு நாம் பாரம்பரியம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சேரிக்காரர் காதில் அந்தச் சொல் பரம்பரைத் தொழில் என்று விழும். இலங்கைத் தமிழர்கள் மரபுரிமை என்கிறார்கள். உரிமை என்பது உள்ளேயே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம்.

இந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள்? வாய்மொழி வரலாறு சேகரிப்பது, ஆவணங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாப்பது, காட்சிக்கூடம் அமைப்பது, காட்சிப் பொருளுக்குக் கீழே ஐம்பது சொற்களில் விளக்கக் குறிப்பு எழுதுவது, சின்னங்கள் பற்றிய சட்டம். பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. ஏதாவது ஓர் அருங்காட்சியகத்திலோ காப்பகத்திலோ பயிற்சியும் இருக்கும். அந்த ஐம்பது சொல் குறிப்பைச் சின்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து படித்துப் போவது அதைத்தான்.

கைத்தொழிலோடு ஒரு சிந்தனையும் கற்பிக்கிறார்கள். ஹைட்டி நாட்டைச் சேர்ந்த மானுடவியலாளர் மிஷேல்-ரோல்ஃப் ட்ரூயோ 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். அடிமைகள் புரட்சி செய்து உருவாக்கிய நாடு ஹைட்டி. அந்தப் புரட்சியை உலக வரலாறு எப்படிப் பேசாமல் கடந்தது என்பதை ஆராய்ந்த அவர், மௌனம் நான்கு இடங்களில் நுழைகிறது என்றார்: சான்று உருவாகும்போது, அது ஆவணமாகச் சேர்க்கப்படும்போது, ஆவணத்திலிருந்து எடுத்துக் கதையாகச் சொல்லும்போது, கடைசியில் எது முக்கியம் என்று தீர்மானிக்கும்போது. ஐயாவின் பெட்டியை இதில் வைத்துப் பாருங்கள். சான்றை உருவாக்கும் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். மனு எழுதினார், நகல் வைத்தார், ஒப்புகை அட்டையையும் கோத்து வைத்தார். அறுந்தது இரண்டாவது இடத்தில். எழுத்தறிவு இல்லாததால் வரலாறு இல்லை என்று நம்மைப் பற்றிச் சொல்பவர்களுக்கு இந்தப் பெட்டியே போதுமான பதில். எழுத்து இருந்தது, வைக்க அலமாரி இல்லை.

இனி அந்தச் சுடுகாட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலை யுனெஸ்கோ 1987இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் அதோடு சேர்த்தது. அந்தக் கோயில் சுவரிலுள்ள முதலாம் இராசராசன் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் தர வேண்டிய ஊர்களின் கணக்கு இருக்கிறது. ஊரின் மொத்த நிலத்தில் வரி விதிக்கக் கூடாத பகுதிகளைக் கழித்து எழுதுவார்கள். அந்தக் கழிவுப் பட்டியலில் குளம், வாய்க்கால், ஊர்நத்தம் ஆகியவற்றோடு பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது, பறைச்சுடுகாடும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேரி தனி, சுடுகாடு தனி என்று அரசனின் கணக்கர் அளந்து கல்லில் வெட்டியிருக்கிறார்.

ஆக, அந்த மாணவி கேட்ட பொருள் உலகச் சின்னத்தின் சுவரிலேயே இருக்கிறது. கோபுரத்தின் உயரம் சொல்லும் வழிகாட்டி அந்த வரிக்கு விரலை நீட்டுவதில்லை. கல்வெட்டியல் அறிஞர்கள் படித்து அச்சிட்ட செய்திதான் இது, யாரும் ஒளித்து வைக்கவில்லை. சான்றும் உண்டு, ஆவணமும் உண்டு. விடுபட்டது ட்ரூயோ சொன்ன மூன்றாவது இடத்திலும் நான்காவது இடத்திலும். அந்த வரியை விளக்கப் பலகையில் ஏற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கும் படிப்பு இது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, ஒன்று பண்டைய நினைவுச் சின்னம் ஆவதற்குக் குறைந்தது நூறு ஆண்டு நிலைத்திருக்க வேண்டும். இந்த அளவுகோல் கல்லுக்குப் பொருந்தும். மண்சுவரும் பனையோலைக் கூரையும் நூறு ஆண்டு நிற்குமா? கல்வீடு கட்டவும் ஓடு போடவும் நம்மவர்களுக்குப் பல ஊர்களில் தடை இருந்ததை இந்தச் சட்டம் அறியாது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை வைத்து எரித்தது ஒரு குடிசையில். நூறு ஆண்டு என்றால் 2068 ஆகிவிடும். எரிந்த குடிசை அதற்கும் நிற்கப்போவதில்லை. வெண்மணி நினைவில் நிற்பதற்குக் காரணம் மக்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுவதுதான்.

பொருளாக நிற்காத மரபுக்கென்று யுனெஸ்கோ 2003இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. பாட்டு, கூத்து, கைவினை, சடங்கு இவையெல்லாம் அதில் அடங்கும். இந்தியா 2005இல் ஏற்றது. இங்கே நமக்கு ஒரு சிக்கல் உண்டு, அதை மூடி மறைக்காமல் பேசுவோம். பறை இன்று மேடைக்கு வந்திருக்கிறது, நம் பிள்ளைகள் பெருமையோடு அடிக்கிறார்கள், நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் சாவுக்கு அடிப்பதைக் கட்டாய ஊழியமாகச் செய்தவர்கள் நம் தாத்தாக்கள். இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்து, அதற்காக அடிபட்டு, ஊர்க் கூலி இழந்தவர்களும் நம் தாத்தாக்களே. பறையைப் பதிவு செய்யும் பட்டியல் தாளில் வாரின் தோல் வகையும் அடவின் பெயரும் எழுதுவதற்குக் கட்டம் இருக்கும். கீழே வைத்தவரின் கதைக்குக் கட்டம் போடுவது யார்? எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டையும் ஒரே கூடத்தில் வைக்க வேண்டும் என்பது எங்களில் பலருடைய எண்ணம்.

அப்படி வைத்துக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 'ஆறாம் வட்டம்' என்ற பகுதியை 1966இல் நிறவெறி அரசு வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, அங்கிருந்த 60,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியது. 1994 டிசம்பரில் அங்கே ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். தரை முழுவதும் அந்தப் பகுதியின் வரைபடம். துரத்தப்பட்டவர்கள் வந்து, குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதினார்கள். இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் எறியாமல் ஒளித்து வைத்திருந்த தெருப்பெயர்ப் பலகைகள் அங்கே தொங்குகின்றன. பெரிய செலவு எதுவும் இல்லை. அங்கு வந்த நினைவுகள் பின்னாளில் நிலத்தைத் திரும்பக் கேட்ட மனுக்களுக்கும் துணையாயின. நிறவெறிக் காலத்தில் வெள்ளையரல்லாதோருக்கென்று ஒதுக்கப்பட்ட வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம், 1998 முதல் ராபன் தீவு அருங்காட்சியகத்தோடும் கேப் டவுன் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து அருங்காட்சியகம், மரபுரிமை பற்றிய முதுநிலைப் பட்டயம் நடத்தியது. மண்டேலா அடைபட்டிருந்த தீவு அது. அங்கே சிறைக்கு வழிகாட்டியாக நின்றவர்கள் அதே சிறையில் இருந்தவர்கள்.

நிலம் என்றதும் நமக்கு நினைவு வருவது பஞ்சமி நிலம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், அதன்மீது பிறந்த 1892ஆம் ஆண்டு அரசாணையும்தான் அதற்கு வேர். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரு பழைய தாளைத் தேடி எடுக்கத் தெரிவது நமக்கு அழகுக் கல்வி அன்று என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? பண்டிதர் அயோத்திதாசரின் எழுத்துகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து தொகுதிகளாக வந்த பிறகு தமிழக வரலாற்றுப் பேச்சே மாறியதையும் பார்த்தோம். 1907இல் தொடங்கிய அவருடைய இதழின் பழைய பிரதிகளை யாரோ கரையானுக்குக் கொடுக்காமல் காத்திருந்தார்கள்.

சரி, எங்கே படிப்பது? பொது வரலாறு என்ற பெயரில் இந்தியாவில் முதுகலை இடங்கள் குறைவு. அதன் பக்கத்துப் படிப்புகள் உண்டு. பரோடா பல்கலைக்கழகத்தில் 1952இல் தொடங்கிய அருங்காட்சியகவியல் துறை நாட்டிலேயே மூத்தது. (வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய அண்ணல் 1917இல் தங்க ஓர் அறை கிடைக்காமல் அலைந்த அதே ஊர்.) தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் படிக்கலாம். மாநிலத் தொல்லியல் துறை இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது, மாத உதவித்தொகையும் தருகிறார்கள். வேலை? காப்பகம், அருங்காட்சியகம், தொல்லியல் துறை ஆகியவற்றில் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பு வருவதும் தாமதம். இதை மறைத்து ஆசை காட்ட மாட்டோம். ஆசிரியர் தகுதித் தேர்வையும் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

வெளிநாட்டுக்குப் போகலாம் என்றால் அங்கே ஒரு கதவை அடைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் 2022-23இல் 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. அந்த ஆண்டு நெறிமுறையில் புதிதாக ஒரு விதி சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகியவற்றைப் படிக்க இந்தத் தொகை கிடையாது. அதற்கான மூலங்களும் அறிவும் இங்கேயே இருக்கின்றன என்பது அரசு சொன்ன காரணம். 1915இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணலின் முதுகலை ஆய்வேடு பண்டைய இந்திய வணிகம் பற்றியது. 1916 மே மாதம் அங்கே ஒரு மானுடவியல் கருத்தரங்கில் அவர் படித்தது இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரை. பரோடா மன்னர் இப்படி ஒரு விதி போட்டிருந்தால் இரண்டும் பிறந்திருக்காது. மூலங்கள் இங்கேயே இருக்கின்றன என்பதும் முழு உண்மை அன்று. சென்னை மாகாண வருவாய்த் துறைப் பதிவுகளின் ஒரு படி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிமுறையை வரிவரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏற்கும் பாடங்கள் வேறு. விண்ணப்பக் கடிதம் எழுத மன்றத்தில் ஞாயிறு மாலைகளில் உதவுகிறோம்.

அந்த மாணவி இப்போது வேறொரு இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பொருளை மாற்றவில்லை, சுடுகாட்டுப் பாதைதான். பெட்டியில் எஞ்சியவற்றை இரண்டு மாதமாக அவளே தூசி தட்டி, எண்ணிட்டு, அமிலமில்லாத உறைகளில் போட்டு வருகிறாள். இரவுப் பள்ளி வருகைப் பதிவேட்டில் பல பெயர்கள் இனிஷியல் இல்லாமல் இருக்கின்றன. அந்தப் பள்ளியில் படித்தவர்கள் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் பின்னால் உள்ள மேசைக்கு வந்து, எது யாருடைய பெயர் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.