ஆரோக்கியப்பச்சை: காணியரின் பங்கு என்னவாகும்?

புது தில்லி: கேரள-தமிழக எல்லையில் ஆரியங்கோடு, பாறசாலை பகுதிக்கு வடகிழக்கே உயர்ந்து நிற்கிறது அகத்தியமலை. 1987-ல் அங்கு ஆய்வுக்குச் சென்ற தாவரவியலாளர் புஷ்பாங்கதன் குழுவினர், மலையேற்றத்தில் களைத்துப் போயினர். வழிகாட்டிகளாக உடன் சென்ற காணிப் பழங்குடியினரோ ஏதோ ஒரு காயை மென்றபடி சளைக்காமல் நடந்தனர். பலமுறை கேட்ட பிறகே ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியைக் காட்டினர்.

பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ரூ.10 லட்சத்துக்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. அத்தொகையிலும் 2 சதவீத ராயல்டியிலும் பாதி காணியருக்கு என முடிவாகி, 1997-ல் அவர்களுக்கான அறக்கட்டளையும் பதிவானது. பல்லுயிர்ச் சட்டம் 2002-ல்தான் வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

சிக்கல் செடியில் எழுந்தது. காணியர் உண்பது காய். மருந்துக்குத் தேவையானதோ இலை. காட்டு நிழலில் செழிக்கும் செடி வேரோடு பறிபோகும் என அஞ்சிய வனத்துறை, சேகரிப்பைத் தடுத்தது. காட்டைக் காக்கும் துறையும் காட்டை அறிந்த மக்களும் எதிரெதிரே நின்றதுதான் விந்தை.

நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிய திருத்தம், பட்டியலிடப்பட்ட மருத்துவ நூல்களில் உள்ள அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பங்கீட்டிலிருந்து விலக்களித்தது. காணியரின் அறிவு வாய்மொழியானது. எனவே அவர்களது உரிமை நீடிக்கிறது. அதே அறிவு நாளை அத்தகைய நூலொன்றில் ஏறினால்? திருத்தத்தை ஆதரித்தோர் இதற்கும் பதில் கூற வேண்டும்.