நுரையும் நானும், நடுவில் ஒரு பெண் பார்க்கும் படலமும்!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பல்லடத்தில் பெண் பார்க்கப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு என் வலது கையில் நாலு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே மஞ்சள் நிறத்தில் பேக்கரி பன் மாதிரி ஒன்று உப்பி உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த நாற்பத்திரண்டரை மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால், முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள், ப்ளீஸ்!

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் நான். பெயர்தான் பெரிசு. பையர் கேட்கிற பச்சைக்கும் பட்டறை கொடுக்கிற பச்சைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற உத்தியோகம். எங்கள் சாம்பிள் ரூமில் ஏ.ஸி. பைப் போகிற ஓட்டை பெரிசாக இருந்தது. கட்டிங் செக்ஷன் பஞ்சு அது வழியே ஜம்மென்று உள்ளே வந்து வெள்ளை டி-ஷர்ட்டின் மேல் உட்காரும். 'ஆளைக் கூப்பிட்டு அடைக்கலாம்' என்றேன். மானேஜர் முறைத்தார். 'இதுக்கொரு ஆளா? ஹார்டுவேர் கடையில ஃபோம் டப்பா விக்குது. அடிச்சா புஸ்ஸுனு உப்பி அடைச்சுக்கும். நீங்களே அடிங்க' என்றார்.

வாங்கி வந்தேன். டப்பா மூடிக்குள் மெல்லிசாக ஒரு ஜோடி கையுறை மடித்து வைத்திருந்தது. ஏதோ பேக்கிங் கவர் என்று குப்பையில் போட்டேன். என் வாழ்க்கையில் செய்த மாபெரும் தப்புகளின் பட்டியலில் அது இப்போது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. (முதல் இரண்டும் இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதவை!)

குழாயைச் சரியாகத் திருகவில்லை போலிருக்கிறது. அழுத்தியதும் நுரை ஓட்டைக்குப் போகாமல் என் கைக்கு வந்தது. பிசுபிசுவென்று தேன் மாதிரி. 'அய்யய்யோ' என்று வாஷ்பேசினுக்கு ஓடி, குழாயைத் திறந்து, தண்ணீரில் பரபரவென்று தேய்த்தேன். அது இன்னும் சீக்கிரம் இறுகிப்போனது.

ஆளுக்கொரு வைத்தியம்

பத்தே நிமிஷத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம். திருப்பூரில் அறிவுரைக்குப் பஞ்சமே கிடையாது.

'மண்ணெண்ணெய் போடுங்க' என்றார் வாட்ச்மேன்.

'நெயில் பாலிஷ் ரிமூவர்தானுங்க சரி' என்றது செக்கிங் செக்ஷன். ஒரு அக்கா, துணியில் ஆயில் கறை எடுக்க அடிக்கும் ஸ்ப்ரே கன்னையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை, என் கையைப் பீஸ் என்று நினைத்து அடிக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் ஒரு பிளேடை எடுத்தார். அவர் கண்ணில் தெரிந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் தின்னர் ஜெயித்தது. பஞ்சில் நனைத்துப் பத்து நிமிஷம் தேய்த்தேன். நுரை அப்படியே இருந்தது. சுற்றியிருந்த தோல்தான் சாம்பல் பூத்து, காந்த ஆரம்பித்தது.

அப்போதுதான் சாயப்பட்டறை அண்ணன் லேப்-டிப் துணி பார்சலோடு உள்ளே வந்தார். எங்களுக்குச் சாயம் போடும் பட்டறையிலிருந்து கலர் சாம்பிள் கொண்டுவருகிறவர். ஐம்பது வயசிருக்கும். என் கையைப் பார்த்தார். தின்னர் டப்பாவைப் பார்த்தார்.

'அதைக் கீழ வைங்க தம்பி. எறுகுனது எறுகுனதுதானுங்க. இனி அது கரையாது. தோலைத்தான் நீங்க கரைச்சுட்டிருக்கீங்க.'

வெந்த முட்டை கதை

அண்ணன் சொன்னது எவ்வளவு சரி என்று லேபில் வேலை பார்க்கும் கெமிஸ்ட்ரி நண்பன் பிறகு விளக்கினான்.

டப்பாவுக்குள் இருப்பது ஐசோசயனேட் வகை ரசாயனம். காற்றிலிருக்கும் ஈரம் பட்டதும் அது வேலையை ஆரம்பிக்கும். கார்பன் டை ஆக்ஸைடு வெளிப்பட்டு நுரை உப்பும். கூடவே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலை மாதிரி பின்னிக்கொள்ளும். தண்ணீர் அதற்கு எதிரி அல்ல, தீனி! நான் வாஷ்பேசினுக்கு ஓடியது நெருப்பை அணைக்க நெய்யோடு ஓடிய கதை.

வலை பின்னி முடித்தபின் அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதுவும் அதைக் கரைக்காது. சர்க்கரையைக் கரைக்கலாம். வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியுமா? அப்படித்தான்.

இன்னொரு வேடிக்கை. பாலியூரித்தேனை 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் உருவாக்கினார்கள். அதே குடும்பத்தில்தான் 1958-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் ஜோசஃப் ஷிவர்ஸ் ஒரு இழுவை நூலைக் கண்டுபிடித்தார். அதுதான் லைக்ரா. தினமும் லெக்கிங்ஸுக்கும் ஜட்டி எலாஸ்டிக்குக்கும் நான் ஆர்டர் போடுகிற லைக்ராவின் பங்காளிதான் என் கையில் உட்கார்ந்திருந்தது!

ஐசோசயனேட் என்றதும் 1984 போபால் ஞாபகம் வரும். அங்கே கசிந்தது மீதைல் ஐசோசயனேட். குடும்பப் பெயர் ஒன்று, ஆள் வேறு. டப்பாவில் இருப்பது அதுபோலச் சுலபத்தில் ஆவியாவதில்லை. அதற்காக அலட்சியமும் கூடாது. சிலருக்குத் தோலில் அலர்ஜி, மூச்சில் வீசிங் வந்துவிடும். ஒருமுறை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், அடுத்தமுறை துளி பட்டாலே கிளப்பிவிடும்.

அண்ணனின் கை

'உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?' என்று கேட்டேன். அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மூன்று வருஷமாகப் பார்சல் வாங்கியிருக்கிறேன், அந்தக் கையைப் பார்த்ததேயில்லை. வறண்ட வயல் மாதிரி வெடிப்பு. நகத்தோரம் தடித்துப்போன தோல்.

தொண்ணூறுகளில் பட்டறைக்கு வந்தவர். அப்போதெல்லாம் தொட்டியில் கையை விட்டுத்தான் துணியைப் புரட்டுவாராம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் 1956-ல் சந்தைக்கு வந்தது. நூலின் மேல் பூசிக்கொண்டு நிற்காமல், நூலோடு ரசாயன உறவே வைத்துக்கொள்ளும். அதனால்தான் துவைத்தாலும் போவதில்லை. தோலிலுள்ள புரதத்தையும் அது அப்படியே பிடித்துக்கொள்ளும்.

'சாயந்தரம் வீட்டுக்குப் போறப்ப கை செவசெவன்னு இருக்குமுங்க. பஸ்ல பக்கத்துல உக்காரமாட்டாங்க. ப்ளீச்சிங் பவுடர்லயும் ஹைட்ரோஸ்லயும் கழுவுவோம். கறை போயிரும். அப்பறம் தோலும் போயிருச்சு' என்றார் சாதாரணமாக.

'டாக்டர்ட்ட போனீங்களா?'

'போனனுங்க. வேலையை நிறுத்தினா நல்லாயிரும்னாரு. நிறுத்தறதெங்க? 2011 ஜனவரில நொய்யல் ஆத்துக் கேஸ்ல ஐகோர்ட்டு பட்டறைய எல்லாம் மூடச் சொல்லுச்சில்லீங்க? அப்ப ரெண்டே மாசத்துல கை பூ மாதிரி ஆயிருச்சு. வயிறுதான் காஞ்சுபோச்சு. பட்டறை தொறந்தாங்க, வயிறு ரொம்புச்சு. கை பழையபடி!'

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து அவர் சொன்னதில் என் சிரிப்பு மட்டும் நின்றுபோனது.

'போன ஆடிட்டுக்கு நீங்க நல்ல க்ளவுஸ் குடுத்தீங்க தம்பி. முழங்கை வரைக்கும். போட்டதும் சொகமா இருந்துச்சு. சாயந்தரம் பையர் கார் கெளம்புனதும் திருப்பி வாங்கிட்டீங்களே!'

உண்மைதான். வெளிநாட்டு பையரின் ஆள் பட்டறையைப் பார்க்க வருகிற அன்று மட்டும் கையுறை, முகமூடி, கம்பூட்ஸ் எல்லாம் வெளியே வரும். போட்டோ எடுத்ததும் எண்ணி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். எண்ணுகிறவன் நான். பீரோ சாவி என் மேஜை டிராயரில்.

ரசாயனத்தால் வரும் தோல் அழற்சி, ஐசோசயனேட் பாதிப்பு இரண்டுமே 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றவை. டாக்டர் கண்டுபிடித்தால் அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டிய நோய்கள். அண்ணனுக்கு அப்படியொரு பட்டியல் இருப்பதே தெரியாது. பட்டறை ஃபைல்களைப் பார்க்கிற எனக்கும் அன்றுவரை தெரியாது என்பதுதான் அதைவிட வெட்கம்.

ஒட்டினால் என்ன செய்வது?

அண்ணன் சொன்னதும், நண்பன் சொன்னதும், நான் பட்டதும் சேர்த்து:

1. நுரை ஈரமாக இருக்கும்போதே காய்ந்த துணி அல்லது பேப்பரால் வழித்தெடுங்கள். பரப்பித் தேய்க்காதீர்கள். முதலில் தண்ணீர் வேண்டாம்.

2. மிச்சப் பிசுக்கைச் சமையல் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். அதற்குப் பிறகுதான் சோப்பும் தண்ணீரும். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும் ஈர நுரையை எடுக்கும். ஆனால், துணியில் கொஞ்சமாகத் தொட்டு, காயமில்லாத தோலில் மட்டும். பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட் கூடாது.

3. இறுகிவிட்டதா? பிளேடு, கத்தி, தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். நல்லெண்ணெயோ வாஸ்லினோ நிறையத் தடவி அரைமணி ஊறவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையை வைத்திருங்கள். குதிகால் தேய்க்கிற கல்லால் மெதுவாக, சுற்றிச் சுற்றித் தேயுங்கள். எரிந்தால் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய். நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும்.

4. மிச்சத்தைத் தோலே பார்த்துக்கொள்ளும். மேல்தோல் தினமும் உதிர்ந்து புதுசாகிக்கொண்டே இருக்கிறது. சில நாளில் நுரையையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

5. கண்ணில் பட்டால் மட்டும் யோசிக்காமல் தண்ணீர்தான். பதினைந்து நிமிஷம் விடாமல் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரி. கை வீங்கினாலோ, கொப்புளித்தாலோ, மூச்சு இழுத்தாலோ டாக்டரிடம் போங்கள்.

6. எல்லாவற்றுக்கும் முன்னால்: நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கை சட்டை, திறந்த ஜன்னல். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். துணிக் கையுறை உதவாது. அது ரசாயனத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலிலேயே ஊறவிடும். நைட்ரைலும் சர்வரோக நிவாரணி இல்லை. அசிட்டோன் சீக்கிரமே அதற்குள் புகுந்துவிடும். நனைந்தால் உடனே மாற்றவேண்டும். சுழலுகிற மெஷின் பக்கத்தில் தொளதொள கையுறை ஆபத்து, கையையே இழுத்துவிடும்.

பல்லடம், பத்தரை மணி

வெள்ளி ராத்திரியும் சனிக்கிழமையும் எண்ணெய், வெந்நீர், கல்! அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, 'ஏஞ்சாமி, கல்யாணம் ஆகறதுக்குள்ள இந்தக் கோலமா?' என்று புலம்பிக்கொண்டே தேய்த்துவிட்டார். ஞாயிறு காலை விரல்கள் பிரிந்துவிட்டன. ஆனால், உள்ளங்கையில் மஞ்சள் திட்டுகளும், தின்னர் புண்ணில் சிவப்புத் திட்டுகளுமாக உலக மேப் மாதிரி இருந்தது.

வலது கையைப் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டே உள்ளே போனேன். பெண் தட்டில் பஜ்ஜியோடு வந்து நீட்டினார். நானும் பதற்றத்தில் இடது கையை நீட்டி எடுத்துவிட்டேன். வீடே நிசப்தம்.

மூலையிலிருந்து பாட்டி மட்டும் தெளிவாகக் கேட்டார். 'மாப்ள பீச்சாங்கைங்களா?'

இனி மறைத்துப் பயனில்லை. கையை எடுத்துக் காட்டி, நுரை முதல் தின்னர் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். பெண்ணின் அப்பா எழுந்து வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு காலத்தில் பனியனுக்குப் பிரிண்டிங் டேபிள் போட்டு நடத்தியவராம். அவர் விரல்களிலும் வெடிப்புத் தழும்புகள்.

'நானும் மண்ணெண்ணெயிலதான் கை கழுவுனவனுங்க. ஏனுங்க மாப்ள, க்ளவுஸ் இருந்துச்சா, இல்லையா?' என்றார்.

'இருந்துச்சுங்க. போடல.'

'எங்களுக்கு இல்லீங்க. அதான் வித்தியாசம்' என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பஜ்ஜி தொண்டையில் இறங்க நேரமாயிற்று.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக டிராயரைத் திறந்து சாவியை எடுத்தேன். பீரோவில் முழங்கைக் கையுறை பன்னிரண்டு ஜோடி, மடிப்புக் கலையாமல். எல்லாவற்றையும் பட்டறைக்கு எடுத்துப்போய் அண்ணன் கையில் கொடுத்தேன்.

'ஆடிட்டுங்களா தம்பி?'

'இல்லீங்கண்ணா. சும்மா, வேலைக்கு.'

அவர் நம்பவில்லை. 'சாயந்தரம் எத்தன மணிக்குத் திருப்பித் தரணும்?' என்றார்.

மானேஜர் இன்னும் பீரோவைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கிற அன்றைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பல்லடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. ஜாதகத்தைவிட முக்கியமாக ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்களாம்... கல்யாணத்தன்று மாப்பிள்ளை வலது கையால் தாலி கட்டவேண்டுமாம்!